வைக்கோல்போர் மேல் என் முகம்

ஐப்பசி 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். அடுப்புக்கு நேர் மேலே ஓடு ஒழுகுகிறது. குடத்தை வைத்தேன். குடம் நிறைந்ததும் அண்டா. நடுவில் சாம்பாரில் தானாகத் தண்ணீர் விழுந்தது. அளவு சரியாகவே இருந்தது.

ஓடு மாற்றுவது தயாளன் வேலை. இனி இந்த நோட்டில் த. முழுப் பேர் எழுதினால் மை வீண். பன்னிரண்டு வருஷமாக 'அவர்' என்று எழுதிய கை, இன்று முதல் 'அவன்'. கை கொஞ்சம் தயங்கியது. பழகிவிடும்.

இந்த வாசலை அவன் மிதிக்கக் கூடாது, என்னை யாரும் வெளியேற்றக் கூடாது என்று கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டுப் பதினெட்டு நாள். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, மைக் செட், ஷேவிங் பெட்டி, லுங்கி இரண்டு எடுத்துக்கொண்டு மாகறலில் அக்கா வீட்டுக்குப் போனான். கூரை மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கரை மறந்துவிட்டான். அது இன்னும் ரோட்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது.

11 மணி. தபால்காரர். ரிஜிஸ்டர் தபால். "கையெழுத்து போடும்மா. வக்கீல் ஆபீஸ்ல இருந்து வந்துகீது, நல்ல சேதியா இருக்காது." ஆசீர்வாதம் முடிந்தது, போய்விட்டார்.

நோட்டீஸ். அனுப்பியவள் த.வின் அக்கா கனகா. வீடு அவர்கள் அப்பா பேரில் பட்டா. நான் "வாய்மொழியாக வாடகைக்கு அமர்த்தப்பட்டவர்". பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். அந்த அப்பாவின் கடைசி ஆறு மாதம் மூத்திரப் பாத்திரம் எடுத்த வாடகைதாரர் நான்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

சிரிப்புதான் எனக்குத் தொழில். பட்டிமன்றம். திருவிழா, காதுகுத்து, யார் கூப்பிட்டாலும். "குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா?" ஏழு ஊரில் பேசினேன், ஏழிலும் 'கணவனே' அணி, ஏழிலும் ஜெயித்தேன். மைக் செட் த.வுடையது. ஏழாவது ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் மைக் ஸ்டாண்டால் அடித்தான். அது மூன்றாவது தடவை. இடது காதில் இன்னும் ஙொய் என்ற சத்தம். மூன்றாவதுக்குத்தான் போலீசுக்குப் போனேன். முதல் இரண்டுக்கும் ஜோக் சொன்னேன்.

பக்கத்து வீட்டு முனியம்மா, சுவருக்கு மேல் தலை:

"இன்னா வசந்தா, காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன். போவசொல்ல அந்தக் கறிவேப்பிலச் செடிய எனக்குக் குட்த்துட்டுப் போ."

"நானும் போகல. செடியும் போகல."

ஐப்பசி 12, செவ்வாய்

மழை விட்டு வெயில். உத்திரமேரூர். வக்கீலம்மா இலவச சட்ட உதவியில் கிடைத்தவர், என் வயசு, கண்ணாடி எப்போதும் நெற்றியில்.

"வூடு யாருதும்மா?"

"அவங்களுது."

"அது மாறாது. கோர்ட்டு உனக்கு வூட்ட எழுதிக் குடுக்கல. ஆனா நெனச்ச நேரத்துக்கு உன்ன வெளிய தள்ளவும் முடியாது. கல்யாணம் ஆகாத பொம்பளைக்கும் அந்த உரிமை உண்டு. ஆனா புருசன் பொண்டாட்டி மாதிரி வாழ்ந்தீங்கன்னு காட்டணும். திங்கக்கெயம விசாரண. வாடகைக்காரின்னு அவங்க சொல்றது நின்னுச்சுன்னா, உத்தரவு போச்சு. நீ ரோட்ல."

கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எழுதிப் பார்த்தேன்.

ரேஷன் கார்டு: பதினாறு வருஷம் முன் செத்துப்போன என் வீட்டுக்காரர் பேர். செங்கல்பட்டு விலாசம்.
கேஸ் புத்தகம்: த. பேர்.
கரண்டு: த.வின் அப்பா பேர். அவரும் இல்லை.
போட்டோ: எல்லாம் பழைய போனில். போன் கிணற்றில்.
சாட்சி: முனியம்மா. "கோர்ட்டுன்னா எனக்கு பீப்பி ஏறிடும்."

மொத்தத்தில் பன்னிரண்டு வருஷமாக நான் இந்த வீட்டில் இல்லவே இல்லை.

"தாலி ஏன் கட்டிக்கல?"

அதுவும் கனகா கைங்கரியம். திருப்புட்குழி பக்கமிருந்து ஒரு ஜோசியரைக் கூட்டி வந்தாள். த. ஜாதகத்துக்குத் தாலி கட்டினால் ஆறு மாதத்தில் கண்டம். கட்டாமல் இருந்தால் நூறு வயசு. நான் கட்டிக்கொள்ளாமலே ஒருவன் உயிரைக் காப்பாற்றி வந்தேன். காப்பாற்றப்பட்டவன் ஸ்டாண்டைத் தூக்கினான்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "சரி, அவங்க வூட்டு விசேஷத்துல உன்ன யாருன்னு சொன்னாங்க?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃப்ளெக்ஸ். நாலு வருஷம் முன்பு, கனகாவின் சின்னப் பெண் மஞ்சள் நீராட்டு விழா. மாகறல் ரோட்டு முனையில் ஒரு வாரம் நின்றது. கீழ் வரிசையில் த., பக்கத்தில் நான்.

ஐப்பசி 13, புதன்

புழுக்கம். ஃப்ளெக்ஸ் கடை. பாஸ்கர் எச்சில் தொட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ஃபைல் இல்லக்கா. கம்ப்யூட்டர் மாத்தியாச்சு. ஆனா உன் உடம்பு நல்லா ஞாபகம் கீது."

பதறிப்போய்ச் சுற்றும் பார்த்தேன்.

"அய்ய, உன் உடம்பு இல்லக்கா. நீ காட்டன் பொடவைல போட்டோ குட்த்த. கனகாக்கா வந்து பட்டுப் பொடவ போடுன்னாங்க. ஒரு கல்யாண ஆல்பத்துல இருந்து உடம்பு எடுத்து, உன் தலய வச்சேன். அப்பறமும் உக்காந்துகினு, தாலி எங்கன்னாங்க. தாலிச் செயின் தனியா எடுத்து ஒட்னேன். நெழல் வேற போடணும். அர நாள் வேல."

"தாலியா?"

"ஆமாக்கா. பெரிய பொண்ணோட சம்மந்தி வூட்டுக்காரங்க வருவாங்களாம். கழுத்து மொட்டையா இருந்தா நல்லாருக்காதாம்."

வீட்டில் தாலி கட்டினால் தம்பிக்கு ஆபத்து. ரோட்டு முனையில் கட்டினால் ஆபத்தில்லை போல. அந்த ஒரு வாரமும் நான் தினம் அந்தப் படத்தைப் பார்த்தேனே, தாலி கண்ணில் படவில்லையா? படவில்லை. இடுப்பைத்தான் பார்த்தேன். எவ்வளவு இளைத்திருக்கிறோம் என்று பூரித்துப் போயிருந்தேன்.

"பாஸ்கரு, இத கோர்ட்ல சொல்லுவியா?"

ரொம்ப நேரம் ஸ்டிக்கரைத் தேய்த்தான். "கனகாக்கா எனக்கு ஆர்டர் குடுக்கறவங்க… ஆனா நான் பண்ண வேலய பண்ணலன்னு எப்பிடிச் சொல்றது?"

ஃப்ளெக்ஸ் இப்போது எங்கே இருக்கும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "விசேசம் முடிஞ்ச ஃப்ளெக்ஸ் எங்கக்கா போவும்? மாட்டுக் கொட்டாய், இல்ல வைக்கோப்போரு."

ஐப்பசி 14, வியாழன்

மழை. மாகறல் பஸ். பொதுப்பணித் துறை ரோட்டில்தான் நின்றேன், அவர்கள் எல்லைக்குள் ஒரு கால் வைக்கவில்லை.

இருந்தது. கனகா வீட்டு வைக்கோல்போர் மேல், தலைகீழாக. என் முகத்தில் மழை, மூக்கின் மேல் ஒரு காக்கா. த. முகம் மடிப்புக்குள் பாதி. "தாய்மாமன் தயாளன் – அத்தை வசந்தா". சாயம் போகவே இல்லை. பாஸ்கர் நல்ல வேலைக்காரன். தாலியும் பளபள.

பதினோரு போட்டோ எடுத்தேன். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்ததில் நாலில் என் கட்டை விரல்.

"யாரு ரோட்ல?"

"நான்தான் அண்ணி!"

"இன்னா வசந்தா, இந்த மழைல…" பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள் கனகா. பாதியில் நினைவு வந்தது. "யாருக்கு யாருடி அண்ணி? வாடகைக்கு இருந்த நாயி!"

"ஆமா அண்ணி. வாடகைக்கு இருந்தவ மூஞ்சிய அண்டா சைசுக்கு அடிச்சி ஊர் முனைல வச்சீங்களே, அத்தப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

போரைப் பார்த்தாள். என் போனைப் பார்த்தாள். ஓடிப் போய்க் கயிற்றை இழுத்தாள். நனைந்த முடிச்சு, அவிழவில்லை. "தயாளா! அருவாள எட்தா!"

த. வாசலுக்கு வந்தான். நீலச் சட்டை. இரண்டாவது பொத்தான் நான் தைத்தது, கறுப்பு நூலில். என்னைப் பார்த்தான். உத்தரவு நினைவு வந்ததோ என்னவோ, திரும்பி உள்ளே போய்விட்டான்.

 வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நம்ம ஊர் திருப்புலிவனத்தில் இறங்க மறந்து உத்திரமேரூர் வரை போய்விட்டேன்.

ஐப்பசி 15, வெள்ளி

வக்கீலம்மாவிடம் அரை மணி திட்டு. "அவன் வரக்கூடாதுன்னு உத்தரவு வாங்கிட்டு, நீயே போய் வாசல்ல நிப்பியா? எதனா ஆயிருந்தா?" நியாயம். தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்புறம் போட்டோ. போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி விழும் வரை சிரித்தார்.

"ஊருக்கு உங்கள யாருன்னு காட்டினாங்கன்றதுதான் கேள்வியே. பதில வைக்கோலு மேல விரிச்சி வச்சிகிறாங்க."

"தாலி ஒட்டினதாச்சே?"

"ஒட்டச் சொன்னது யாரு? அதான் நமக்கு வேணும்."

ஐப்பசி 18, திங்கள்

மேகமூட்டம். கோர்ட்டு. கனகா பட்டுப்புடவையில், நான் அதே காட்டனில். த. மூலையில், தரையைப் பார்த்தபடி.

அவர்கள் வக்கீல்: வாடகைதாரர், வாடகைதாரர், வாடகைதாரர். எங்கள் வக்கீலம்மா படத்தை நீட்டினார். நீதிபதியும் திருப்பித்தான் பார்த்தார். "அத்தைன்னு போட்டிருக்கே. இது யாரும்மா?"

"ஃப்ளெக்ஸ்காரன் தப்பா போட்டுட்டான் அய்யா," என்றாள் கனகா.

பின் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. "இன்னாக்கா தப்பா? நீங்க சொல்லித்தானே தாலி ஒட்னேன்! அர நாள் வேல அது!"

"உட்காருப்பா," என்றார் நீதிபதி. உட்கார்ந்தான். ஆனால் கனகாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆமா, ஒட்டச் சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ? தம்பி பொண்டாட்டி கழுத்து மொட்டையா கீதுன்னு சம்மந்தி வூட்ல நாக்கு மேல பல்லு போட்டுப் பேசமாட்டாங்க?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அவர்கள் வக்கீல் கேஸ் கட்டை மூடி வைத்தார்.

உத்தரவு வழக்கு முடியும் வரை நீடிக்கும். வீட்டைக் கேட்பவர்கள் சிவில் கோர்ட்டில் முறைப்படி கேட்க வேண்டும். அதுவரை யாரும் என்னை அசைக்கக் கூடாது. த. வாசலுக்கே வரக் கூடாது.

வெளியே வந்து வக்கீலம்மா விரலை ஆட்டினார். "வூடு உன்னுது ஆயிடல. ஞாபகம் வச்சிக்கோ. நாளைக்கு சிவில் கேஸ்ல அவங்க ஜெயிக்கவும் கூடும்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் நீ உள்ள. அவன் வெளிய."

டீ குடித்தோம். தம்பி பொண்டாட்டி. பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாயால் ஒரு தடவைகூடக் கேட்காத வார்த்தை. கேட்ட அன்றைக்கு எனக்கு அது வேண்டாததாகிவிட்டது. டீ சூடு போதவில்லை.

ஐப்பசி 20, புதன்

மழை வருகிற மாதிரி. அடுப்பு மேல் இன்னும் ஒழுகல். காலையில் பாஸ்கர் கடை.

"இன்னாக்கா டிசைனு?"

"என் தலை. என் உடம்பு. அதே காட்டன் புடவை. கழுத்துல ஒண்ணும் ஒட்டாத."

"இடுப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சிடட்டா?"

யோசித்தேன். நியாயமாக யோசிக்க வேண்டிய நேரத்துக்கு மேலேயே யோசித்தேன். "வேணாம்."

எழுத்து: "வசந்தா. இங்கேதான் இருக்கிறாள்."

மதியம் ஏணி போட்டு ஏறி, ஒழுகுகிற ஓட்டின் மேல் ஃப்ளெக்ஸை விரித்தேன். படம் ரோட்டைப் பார்த்து. கனகா வாரா வாரம் சந்தைக்கு வருகிற பஸ் இந்த வழிதான், அவளுக்கு ஜன்னல் சீட்டு இல்லாமல் ஆகாது. முனியம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு புலம்பல். "நேர்ல பாக்கறது பத்தாதுன்னு கூர மேல வேற!" கூலியாகக் கறிவேப்பிலை ஒரு கொத்து. செடி கிடையாது.

மூன்று முனை கட்டியாயிற்று. நாலாவதற்குக் கயிறு எட்டவில்லை. த. விட்டுப்போன குழாய் ஸ்பீக்கர் காலில் இழுத்துக் கட்டினேன். முதல் துளி என் நெற்றியில், அடுத்தது ஃப்ளெக்ஸ் நெற்றியில். ஓட்டு இடுக்கு வழியே உள்ளே எட்டிப் பார்த்தேன், அடுப்பு நனையாமல் காய்ந்து கிடந்தது.

"மழ புட்சிகிச்சு. எறங்கறியா இல்லியாடி நீ?"

"இரு முனியம்மா. இன்னும் ஒரு முடிச்சு."