ஒன்பது குச்சிக் கட்டு

அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை, அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாயா? போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். ஓய்வு பெற்ற பிறகும் ஒன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேனே, இப்போது பத்துகளும் ஒன்றுகளும் நடக்கிறது. பத்துக் குச்சியைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டால் ஒரு கட்டு, மிச்சம் உதிரி. மூன்று கட்டு, நான்கு உதிரி என்றால் முப்பத்துநான்கு, அவ்வளவுதான். கட்டுகளை நான்தான் வீட்டில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போவேன். வகுப்பில் ஒரு வாண்டு இருக்கிறாள், சரியான சந்தேகப் பேர்வழி. ஒவ்வொரு கட்டையும் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை, அதனால் எப்போதும் கடைசி. டீச்சர் கட்டினால் பத்துதான் இருக்கும், பிரிக்காதே என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். திங்கட்கிழமை எல்லோரும் முப்பத்துநான்கு என்று எழுத, அவள் மட்டும் முப்பத்துமூன்று என்று எழுதினாள். சிவப்பு மையால் தப்புப் போட்டேன். அவள் அழவில்லை, ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, நீங்களே எண்ணுங்க டீச்சர்னு சொன்னாள். ஒன்பதுதான் இருந்தது.

பிள்ளைகள் போனபின் எல்லாக் கட்டையும் பிரித்தேன். ஐந்து கட்டுகளில் ஒன்பது ஒன்பது குச்சி, ஒரு கட்டில் பதினொன்று. கண் நன்றாகத்தான் தெரிகிறது, புத்தியும் கலங்கவில்லை, பயப்படாதே. கட்டும்போது வாய் எண்ணுகிறது, மனசு உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு என்ன சமைத்தாய், ஏன் ரெண்டு நாளாகப் போனில்லை என்று கேட்பேன், நீ பதில் சொல்வதுபோல இருக்கும், எண்ணிக்கை போய்விடும். இந்த வீட்டில் வேறு யாரிடம் பேசுவது? மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று தப்பு என்னுடையது என்று சொல்லி அவள் நோட்டில் சரி போட்டேன். தலைமையாசிரியை கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில் யாரையாவது கூட உட்காரவைத்து எண்ணுங்கம்மா, இன்னொரு தடவை இப்படி ஆனால் ஓய்வெடுத்துக்குங்க என்றார். சரி சரி என்று சிரித்துவைத்தேன். இந்த வகுப்பும் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவேன் சொல்லு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, ஈரத் தலையோடு வெளியே கிளம்பாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு. மறப்பதற்குள் ஒன்று. லீவு கிடைக்கும், வரட்டுமா அம்மா என்று போன மாதம் கேட்டாய். எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை, நீ அலையாதே என்றேன். பொய் சொன்னேன். வா.

இப்படிக்கு,
உன் அம்மா