பேஸுக்கு இரண்டு பிக்கப்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்ததா?

நீங்கள் பீரோ என்று கேலி செய்யும் என் ஆளுயர பேஸ் வாத்தியத்துக்குப் புது பிக்கப் வாங்கினேன். சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் சின்னப் பொருள் அது. கடைக்காரர், “கம்பியைத் தாங்குற குதிரையில ஒண்ணு வச்சா சுரம் நல்லா கேக்கும். ரெண்டு எதுக்குங்க?” என்றார். நான் கழுத்துப் பலகைக்கும் ஒன்று கேட்டு வாங்கினேன். கம்பியை இழுத்து விட்டால் பலகையில் அறைகிறதே, அந்தச் சத்தத்தை இது தனியாகப் பிடிக்கும். இதன் வால்யூமைக் கூட்டி வைத்தால், லேசாகத் தொட்டாலும் ஓங்கி அறைந்த மாதிரி இருக்கும். இந்தக் குளிருக்குக் கை கொஞ்சம் மரத்துப்போகிறது, அவ்வளவுதான்.

“சத்தமே செத்துப்போச்சு, வேற ஆள் பாக்கட்டுமா?” என்று போன மாதம் கேட்டாரே, நான் வாசிக்கிற ஹோட்டலின் மேனேஜர், அவர் நேற்று தலையாட்டி ரசித்தார். கடைசிப் பாட்டில் பிக்கப் ஒயர் கழன்றுவிட்டது. நான் அடித்துக்கொண்டேதான் இருந்தேன். பக்கத்திலிருந்த டிரம்மருக்குக்கூட எதுவும் கேட்கவில்லை. “என்னண்ணே, நிறுத்திட்டீங்களா?” என்றவன், என் கையைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டான். நான் சிரித்துச் சமாளித்தேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். பஸ்ஸுக்கு நின்றபடி எழுதுகிறேன். இதோ வந்துவிட்டது. ஒன்று மட்டும், எனக்குச் சட்டை தைத்தால் பட்டன் வைக்காதீர்கள் அம்மா. தலைவழியாக மாட்டுகிற மாதிரி போதும். இங்கே எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

உங்கள் மகன்