ஜெபாவின் வேலை

நவம்பர், ஞாயிறு

என் தங்கை ஜெபாவின் கையில் இப்போது அவள் வேலை பார்க்கும் ஹோட்டலின் சாவியே இருக்கிறது என்பதை நான் இன்று சொல்லவில்லை. ஹோட்டல் இருப்பது வட ஜெர்மனியில், கோடையில் மட்டும் ஆள் நிறையும் ஒரு கடற்கரைக் கிராமத்தில். குளிர் தொடங்கியதும் முதலாளியம்மா ஹோட்டலை அவள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சர்ச் முடிந்து நானும் அப்பாவும் உதியன்குளங்கரையில் பஸ் இறங்கியதும், பக்கத்து வீட்டு ஞானம் மாமி அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"டிகிரி படிச்சிட்டு வெள்ளக்காரனுக்கு மெத்த விரிக்கவா அண்ணே உங்க மவ போனா?"

நான் வாயெடுக்குமுன் அப்பா சொன்னார்: "மெத்த விரிக்கத்தான். அவ விரிச்சா ஒரு சுருக்கம் காணாது, கேட்டியா. எனக்க மவளாக்கும்."

சாவியைப் பற்றிச் சொல்லியிருந்தால் அந்த வேலைக்கு நான் சமாதானம் சொன்னதாகியிருக்கும். அப்பா அதைச் செய்யவில்லை.

மாலையில் மாமி தன் மகளோடு வந்து, அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டார். அப்பா ஜெபாவை அழைத்து, போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.