அவருக்குத் தெலுங்கு தெரியுமா

இன்று காலை ஓசூர் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வாடை வந்ததும் என் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. பழக்கம் இன்னும் விடவில்லை.

லென்ஸுக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் உனக்குத் தலைவலி என்று நினைத்தோம். ஷிப்ட் முழுக்க சாலிடர் புள்ளிகளையே உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் வலிக்காது? பாக்கெட்டில் ஒரு தைல பாட்டிலை வைத்துக்கொண்டு ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாய்.

அந்த ஆறு மாதமும் நம்மைப் போன்ற காண்டிராக்ட் ஆட்களை வேலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் யார் பெயரைக் கூப்பிடுவாரோ என்று கேன்டீனில் எங்களுக்குச் சோறு இறங்காது. நீ மட்டும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு நிதானமாகச் சாப்பிடுவாய்.

“ஆண்டவரு பாத்துக்கிடுவாரு, ஏட்டி” என்பாய், உன் தூத்துக்குடிப் பேச்சில்.

எனக்கு எரிச்சலாக வரும். “பாத்துக்கினுதான் இருக்குறாரு. ஒண்ணும் பண்றதில்ல.”

நீ கோபித்துக்கொண்டதே இல்லை. சிரித்துக்கொண்டே உன் முட்டையில் பாதியை என் தட்டில் வைப்பாய்.

பிறகு ஒருநாள் லைனிலேயே மயங்கி விழுந்தாய். பெங்களூரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து மூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தும் முழுதாக எடுக்க முடியவில்லை.

நான் பார்க்க வந்த அந்த மத்தியானம் உன் சபைக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். நிச்சயம் சுகமாகிவிடும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நீ தலையாட்டினாய். அவர்கள் போனதும் உன் அம்மா டீ வாங்கக் கீழே இறங்கினார். கதவு சாத்தும்வரை காத்திருந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“பயமா இருக்கு, ஏட்டி. கண்ண மூடுனா ஜெபமே வரமாட்டேங்கு. நீ பண்ணு.”

“நானா? எனக்கு என்ன தெரியும்?”

“எனக்கும் இப்ப ஒண்ணும் தெரியல. பண்ணு.”

கோயிலில் கை கூப்பியிருக்கிறேனே தவிர, வாய் திறந்து சாமியிடம் பேசியவள் இல்லை நான். தமிழில் ஒரு வார்த்தைகூட எழவில்லை. வேப்பனப்பள்ளியில் எங்கள் வீட்டில் பேசுகிற தெலுங்குதான் வந்தது. இவளுக்குப் பயமாக இருக்கிறது, எனக்கும் பயமாக இருக்கிறது, இவளை விட்டுவிட்டுப் போய்விடாதே. அதற்குமேல் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

நீ ஒரு கண்ணை மட்டும் திறந்தாய். “அவருக்குத் தெலுங்கு தெரியுமா?”

“ஓசூர்ல இருக்குறவர்னா தெரிஞ்சிருக்கும்.”

தையல் இழுக்க இழுக்கச் சிரித்தாய். கொஞ்ச நேரம் கழித்து, “பயம் போகல. ஆனா தனியா இல்ல” என்றாய். என் கையைப் பிடித்தபடியே தூங்கியும் போனாய்.

சுகமாகவில்லை. மூன்றாவது வாரம், ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோதுதான் செய்தி தெரிந்தது. உன்னை ஊருக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸை உன் அம்மா ஓசூர் சர்வீஸ் ரோட்டில் எனக்காக இரண்டு நிமிடம் நிறுத்தச் சொன்னார். உன் முகத்தைப் பார்த்தேன். சமாதானமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. களைத்த முகமாகத்தான் இருந்தது. பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கதவைச் சாத்திவிட்டார்கள்.

போன வாரம் நம் லைனையே வேறு மாநிலத்துக்கு மாற்றப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பர்கூரிலிருந்து வருகிற ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, கேன்டீனில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். “என்னக்கா பண்ணப் போறோம்?” என்றாள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று உன்னைப் போலச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “தெரியலம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்குது” என்று சொல்லி, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். உன் ஆண்டவர்மேல் இன்னும் கோபம்தான். அந்தக் கோபத்தைத் தினமும் வீட்டைப் பூட்டும்போது அவரிடமே சொல்கிறேன். பதில் வருவதில்லை. மறுநாளும் சொல்கிறேன்.