சந்திரிகையில் ஒரு பச்சோந்தி

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மல்பெரித் தழை முழுக்க ஈரம். ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் பட்டுப்புழுவுக்குப் போட வேண்டும். இடுப்பு போயிற்று.

தழை அறுக்கையில் கொம்போடு ஒரு பச்சோந்தியும் வந்துவிட்டது. கொழுந்தன் சேவியர் கல் தேடினான்.

"தள்ளி நில்லுங்க அண்ணி. அதப் பாத்தாவே வூட்டுக்கு ஆவாது."

"வுடுங்க தம்பி. அது என்ன பண்ணுச்சு உங்கள?"

என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இந்த வீட்டில் என் கையை ஒருவர் பிடித்து வெகுகாலம். வீட்டுக்காரர் பெங்களூரில். இந்த மாதமும் வரவில்லை. தோட்டத்தில் விட்டால் சேவியர் அடித்தே கொல்வான். கூடையில் போட்டு மூடி எடுத்துவந்தேன்.

அக். 15, புதன்

கூடை சரிப்படவில்லை. மூலையில் சுருண்டு கறுத்துக் கிடக்கிறது. கூண்டு வேண்டும்.

புழு கூடு கட்டுகிற மூங்கில் சந்திரிகை ஒன்று உடைந்து கொட்டகையில் கிடந்தது. அதை அறுத்து மூன்று பக்கம். முன்னால் ஈ வராமல் கட்டுகிற நைலான் வலை. அடியில் எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம். பிளேடு வாங்க வேண்டும். சோப்பு. அத்தைக்குத் தைலம்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். திரும்பியும் பார்க்கவில்லை. தழை மேல் தெளித்ததும் சொட்டுச் சொட்டாக நக்கிக் குடித்தது. அதோடு பேசிச் சிரித்துவிட்டேன். அடுப்படியிலிருந்து அத்தை: "யாருகிட்டம்மா பேசிட்டிருக்கற?"

அக். 17, வெள்ளி

வெயில். கூண்டைப் பார்க்க எனக்கே பெருமை. உள்ளே மல்பெரிக் குச்சிகள், ஏறவும் இறங்கவும். புழுத் தட்டை எப்படிச் சுத்தம் செய்வேனோ அப்படியே காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தகரத்தைத் துடைக்கிறேன். ஒரு துளி மண் கிடையாது. வெட்டுக்கிளியை நாக்கை நீட்டி அடிக்கிறது பார், கண் பிடிக்காது. வயிறு நன்றாகத் தெரிகிறது. நம் வீட்டுச் சாப்பாடு.

அத்தை கையில் ஜெபமாலையோடு வந்து எட்டிப் பார்த்தார். "புழு கூடு கட்டறதுக்குள்ள அத வெளிய கொண்டு போயி வுட்டுரு, ஸ்டெல்லா." தலையாட்டினேன். விடப்போவதில்லை.

அக். 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, புழுவுக்குத் தழை போட ஆள் இல்லை என்று சொல்லி. உண்மையான காரணம் கூண்டு. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. குச்சியை விட்டு இறங்கித் தகரத்தில் நடக்கிறது. மூலையில் நகத்தால் பிறாண்டுகிறது. அந்தச் சத்தம் பல்லைக் கூச வைக்கிறது.

என்னை விட்டுப் போகப் பார்க்கிறது. எல்லோரும் அப்படித்தான். மூலையில் இன்னொரு தகரம் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

அக். 22, புதன்

புழு பழுத்துவிட்டது, இனி கூடு கட்டும். தழையைத் தொடவில்லை. தலையைத் தூக்கித் தூக்கி அலைகிறது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சந்திரிகையில் விட்டோம். குனிந்து குனிந்து எனக்குக் கழுத்து முறிந்தது.

விட்டுக்கொண்டிருக்கும்போதே தோன்றியது: பச்சோந்தியும் இதே மாதிரிதானே? தின்னவில்லை, அலைகிறது. மேலே ஏற இடம் கேட்கிறது போல. எனக்கு ஏன் முதலிலேயே புத்தி வரவில்லை. கூண்டின் உயரத்தைக் கூட்டினேன், நீளக் குச்சிகள் கட்டினேன். கீழே இறங்கியதைத் தூக்கி உச்சியில் வைத்தேன். இறங்கிற்று. திரும்ப வைத்தேன். இறங்கிற்று. சாயங்காலம் வரை இதே வேலை. பிறகு இறங்கவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. பாடம் படிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக். 24, வெள்ளி

மழை. கண்ணை மூடியே இருக்கிறது. உடம்பு அழுக்கு மஞ்சள்.

தகரத்தில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. எங்கிருந்து பட்டுக்கூடு இங்கே விழுந்தது என்று எடுத்தேன். கூடு இல்லை. மெத்தென்று, ஈரமாக. முட்டை.

வயிறு பெருத்தது நான் போட்ட தீனியால் இல்லை. பிறாண்டியது ஓடிப்போக இல்லை. முட்டையிட்டு மூட மண் கேட்டிருக்கிறாள். அது அது என்று எழுதிவந்தேன், அவள். மண்ணைத் தேடி இறங்கினவளைத் தூக்கித் தூக்கி உச்சியில் வைத்தேன். புழு வளர்க்கிற புத்தி எனக்கு.

பெரிய அன்னக்கூடை நிறையச் செம்மண் அள்ளிவந்தேன். புழுவுக்கு நோய் வரும், கொட்டகைக்குள் மண் ஆகாது என்று அத்தை கத்தினார்.

"மொதல்ல அதக் கொண்டு போயி வெளிய கொட்டு."

"முடியாதுங்க அத்தை."

கல்யாணமாகி வந்து முதல்முறையாகச் சொன்ன வார்த்தை. அத்தை என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மண்ணில் விட்டேன். வெகுநேரம் அசைவில்லை. பிறகு முன்காலால் கீறினாள். நின்றாள். மறுபடி கீறினாள். காலில் பலமே இல்லை. நான் விரலால் மண்ணைத் தளர்த்திக் கொடுத்தேன். பயந்து நிறுத்திவிடுவாளோ என்று கையை எடுத்துக்கொண்டேன்.

மாதாவே, ஒரு ராத்திரி போதும் அவளுக்கு.

அக். 25, சனி

மழை விட்டிருந்தது. தலை மண்ணுக்குள், உடம்பு வெளியே. விறைத்திருந்தாள். வயிற்றைத் தொட்டால் உள்ளே உருண்டை உருண்டையாக எல்லாம் அப்படியே.

அவள் தோண்டியது தலை நுழைகிற அளவு. மீதியை நான் தோண்டினேன்.