நிக்சன் தோற்கக்கூடாது

காணாமல்போன தம்பி நிக்சனைப் பற்றிய விசாரணைக்காக, பேசாலையிலிருந்து மன்னாருக்குப் புறப்படுமுன் யசிந்தா தன் கணவனுக்குச் சீட்டு எழுதினாள்.

“இஞ்சேருங்கோ, மீன்குழம்பு சட்டியில இருக்கு. கொம்பியூட்டர் கேமில எங்களைத் தோற்கடிக்கிற அந்தப் பேயை இண்டைக்கு நீங்கள் முடியுங்கோ. வாள் அதில படாது. அது விளக்கை உயர்த்தேக்கை மட்டும் உருவம் வரும். அப்ப நெருப்பு அம்பை விடுங்கோ. பிறகு ரெண்டாப் பிரியும். நிழல் விழுறதுதான் உண்மையான பேய்.

கேமில எங்கட வீரனுக்குத் தம்பியின்ர பெயரை வைச்சது பிழையெண்டு நேற்றுக் கத்தினீங்கள். ஓம், பிழைதான். தோற்கிற நேரமெல்லாம் ‘நிக்சன் செத்துப்போனான்’ எண்டு திரையில வருது. அவன் காணாமல்போய் ஆறு வருசத்துக்குப் பிறகு, இண்டைக்கு விசாரிக்கிறவங்களும் அதைத்தான் சொல்லுவாங்களோ எண்டு பயமாக் கிடக்கு.”

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. அவள் அடியில் நெருக்கி எழுதினாள்:

“தோத்தால், நான் வாறதுக்கு முதல் கொம்பியூட்டரை நிப்பாட்டி வையுங்கோ.”