தாத்தா திருடாத தண்ணீர்

அன்புள்ள அப்பா,

தாத்தா மருத்துவமனையில் இருப்பதை அத்தை போனில் சொல்லியிருப்பார். சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை நிறுத்திவிட்டதாம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார். கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் தண்ணீர்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அத்தை சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தார். தாத்தா அதை மீறித் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டார் என்று அத்தைக்குக் கோபம். "எழுபத்தெட்டு வயசுல தண்ணி திருடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்கிறார். நர்ஸ் அக்காகூடச் சிரித்துவிட்டார்.

அப்பா, வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, நாம்தான் நினைவுபடுத்திக் கொடுக்க வேண்டும் என்று நூலகத்தில் எடுத்த உடல்நலப் புத்தகத்தில் இருந்தது. நான் சீட்டைவிடப் புத்தகத்தைத்தான் நம்பினேன். பள்ளிக்குக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர் கூடுதலாகக் கொடுப்பேன், வந்ததும் இரண்டு.

"போதும்மா, வயிறு குளமாயிடும்" என்பார் தாத்தா.

"புத்தகத்துல போட்டிருக்கு தாத்தா."

"அப்ப சரிங்க டாக்டரம்மா" என்று மடக்மடக்கென்று குடித்துவிடுவார்.

யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டபோது, தாத்தா என் பக்கம் திரும்பாமலே "நானேதான் எடுத்துக் குடிச்சேன்" என்றார். அத்தைக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

நாளை போனில் தாத்தாவைத் திட்டாதீர்கள் அப்பா. "இனிமே திருட மாட்டேன் டாக்டர்" என்று இன்று அவர் கைகூப்பினார். நான் கட்டிலை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் மகள்